கட்டை போடுகிறவரின் தூக்கம்

"சாமி, நான் தூங்கிப் பதினோரு மாசம் ஆச்சு."

சாமி கொட்டாவி விட்டார்.

லேசுப்பட்ட கொட்டாவி இல்லை. கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. கண்ணோரம் தண்ணீர் கட்டியது. வாயை மூடிக்கொண்டு, "எனக்கு வருதே, அண்ணாச்சி" என்றார்.

சொன்னவர் அப்படியே பாயில் சாய்ந்தார். மூச்சு சீரானது. தூங்கியே போனார்.

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஐம்பத்திரண்டு வயது. வாய்க்கால் பாலம் தாண்டி இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். வயதில் தம்பி மாதிரி இருக்கிற ஒரு சாமி, வந்தவர் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை விடுகிறது.

எழுந்து போய்விடத்தான் நினைத்தார். போனால் செல்லக்கனி கேட்பாள், "சாமி என்ன சொன்னாரு?" என்று. "தூங்கினாரு" என்று பெண்டாட்டியிடம் எந்த வாயால் சொல்வது?

உட்கார்ந்தே இருந்தார்.

*

செங்காணி ஊரில் அவருக்குக் கொட்டாவிச் சாமி என்று பெயர். காவி கிடையாது, தாடி கிடையாது. வெள்ளை வேட்டி, கைவைத்த பனியன்.

முன்பு பதினான்கு வருஷம் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவர். எந்த பஸ் எந்த வழியாக எங்கே போகும் என்று சொல்லுகிற வேலை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பெஞ்சில் இருந்தவர்கள் தூங்கிப்போய் பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள் என்று புகார் மேல் புகார். வேலை போயிற்று.

மனுஷன் கவலைப்படவில்லை. வாய்க்கால் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். இருபது கோரைப்பாய் வாங்கி விரித்தார். பஸ்ஸுக்காக வராமல் தூக்கத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள். ஊர் அவரைச் சாமி ஆக்கிவிட்டது.

அரை மணி கழித்து அந்தச் சாமி கண் திறந்தார்.

"ஆங். சொல்லுங்க அண்ணாச்சி. எந்த ஸ்டாப்புல விட்டோம்?"

"தூக்கம் வரமாட்டேங்குன்னு சொன்னேன்."

"என்னவெல்லாம் பண்ணிப் பாத்தீங்க?"

"கசகசா அரைச்சுப் பால்ல குடிச்சேன். உள்ளங்கால்ல விளக்கெண்ணெய் தேச்சேன். ஆயிரத்துல இருந்து கீழ எண்ணினேன். ஒண்ணு வரைக்கும் வந்துட்டுத் திரும்ப மேல போனேன்."

"மாத்திரை?"

"டாக்டரு குடுத்தாரு. தூக்கம் வந்துது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் கை என் கையா இல்ல. கட்டையைத் தூக்கி என் கால்லயே போட்டுக்கிட்டேன்."

"என்ன கட்டை?"

பூவலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். செங்காணியில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியா?

"தேர்க் கட்டை சாமி. வலது முன் சக்கரத்துக்குக் கட்டை போடுதவன் நான்தான். இருபத்தாறு வருஷமா."

*

தேருக்கு பிரேக் கிடையாது. ஆயிரம் பேர் வடம் பிடித்தால் நகரும். நகர்ந்த பிறகு அதை நிறுத்த அந்த ஆயிரம் பேராலும் ஆகாது.

அதற்கென்று இருப்பதுதான் முட்டுக்கட்டை. புளிய மரத்தில் முக்கோணமாக வெட்டியது. உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் ஒருவர் ஓடிக் குனிந்து அதைப் போடுவார். சக்கரம் கட்டையில் ஏறும், நிற்கும். ரத வீதி முனைகளில் தேர் வலது பக்கம் திரும்புவதும் அந்தக் கட்டையால்தான். இடது சக்கரத்துக்குப் பூவலிங்கத்தின் மைத்துனன் உடையார். முனை திருப்புகிற வலது சக்கரம் பூவலிங்கத்தினுடையது.

"போன வருஷம் தெக்கு ரத வீதி முடிஞ்சு மேல ரத வீதிக்குத் திரும்புத முனை" என்றார். "வடம் இழுத்துக்கிட்டிருந்த ஒரு பொம்பள வழுக்கி விழுந்துட்டா. சக்கரத்துக்கு நேரா."

"அப்புறம்?"

"கட்டையைப் போட்டேன். நின்னுது. அவ தலைக்கும் சக்கரத்துக்கும் நாலு விரற்கடை."

"ஊரு என்ன சொல்லுச்சு?"

"மாலை போட்டுச்சு."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

பூவலிங்கம் தரையைப் பார்த்தார்.

"நான் பிந்திட்டேன் சாமி. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கண்ணை மூடுனா சக்கரம் வருது. அந்த நாலு விரற்கடை வருது."

பூவலிங்கமே தொடர்ந்தார்.

"இந்த வருஷத் தேருக்குப் பன்னிரண்டு நாள் இருக்கு. நாலாம் நாள் கொடியேத்தம். கொடி ஏறிட்டா கட்டைக்காரனை மாத்த மாட்டாங்க. அதுக்கு முன்னாடி நான் தூங்கிருக்கணும். இல்லாட்டி கமிட்டிக்காரங்ககிட்ட போய்க் கட்டையைக் குடுத்துரணும். தூங்காத கையோட சக்கரத்துக்கு முன்னாடி போனா இந்தத் தடவை நாலு விரற்கடை மிஞ்சாது."

"குடுத்துட்டா வேற யாரு போடுவா?"

"அதான் சாமி. ஆளு இல்ல. உடையாருக்கு இடது சக்கரம்தான் பழக்கம்."

சாமி எழுந்து வேட்டியைக் கட்டினார்.

"மூணு மணிக்கு வாங்க. வயிறு முட்டச் சாப்பிடாதீங்க."

*

மூன்று மணிக்குக் கொட்டகையில் பதினேழு பேர் படுத்திருந்தார்கள். ஒரு லாரி டிரைவர். தபால் ஆபீஸ் அம்மா. இரட்டைக் குழந்தைகளுக்குப் புதிதாக அப்பாவான ஒரு வாத்தியார். அவர் வாசலிலேயே பாதி தூங்கிவிட்டார். பூவலிங்கம் பதினெட்டாவது.

சாமி ஒரு முக்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"பயணிகள் கவனத்திற்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பழக்கமாயிருந்தது.

"பெருவிரலில் இருந்து புறப்படும் வண்டி, பாதம், கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், இடுப்பு, வயிறு, நெஞ்சு, தோள், கை, கழுத்து, தாடை, கண் வழியாக உச்சந்தலை வரை செல்லும். வண்டி எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். அவசரம் இல்லை. ஏறுவதற்கு ஆள் கிடையாது. எல்லாரும் இறங்கத்தான்."

குரல் மெல்ல இறங்கியது.

"பெருவிரல். வண்டி நிற்கிறது. பெருவிரலில் இருக்கிறவர் இறங்கலாம். மூட்டை முடிச்சை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கலாம். மூச்சு வரட்டும். போகட்டும்."

லாரி டிரைவர் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவருடைய குறட்டை தகரத்தில் பட்டுத் திரும்பியது.

"கணுக்கால். வண்டி நிற்கிறது. கணுக்காலை விடலாம்."

"விட்டாச்சு!" என்றார் பூவலிங்கம்.

தேர் வீதியில் பழகிய குரல். டிரைவர் துள்ளி எழுந்து வலது காலால் பாயை ஓங்கி மிதித்தார். அவருக்கு அது பிரேக். தபால் ஆபீஸ் அம்மா, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். வாத்தியார் எழுந்திருக்கவில்லை. அவரை எழுப்ப இரண்டு குழந்தைகள் தேவை.

"சத்தம் வேண்டாம் அண்ணாச்சி. மனசுக்குள்ள சொன்னாப் போதும்."

வண்டி மறுபடியும் பெருவிரலில் இருந்து புறப்பட்டது.

இந்தத் தடவை பூவலிங்கம் வாயைத் திறக்கவில்லை. கணுக்கால் என்றதும் கணுக்காலை நிறுத்தினார். முழங்கால் என்றதும் முழங்காலை நிறுத்தினார். ஒவ்வொன்றாக நிறுத்தி, நிறுத்தினது நகராதபடி பார்த்துக்கொண்டு, அடுத்ததுக்குப் போனார். உச்சந்தலை வந்தபோது அவருடைய உடம்பு முழுவதும் அசையாமல் கிடந்தது.

சுற்றிலும் பதினேழு பேர் தூங்கினார்கள். அவர் கூரையில் இருந்த ஆணிகளை எண்ணினார்.

சாமி பக்கத்தில் வந்து குந்தினார். பூவலிங்கத்தின் வலது கையை மணிக்கட்டில் பிடித்து ஒரு முழம் உயரத் தூக்கினார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.

பூவலிங்கத்தின் கை கீழே வரவில்லை. தூக்கின இடத்திலேயே நின்றது.

"இதை யாரு பிடிச்சிருக்கா?" என்று சாமி கேட்டார்.

பூவலிங்கம் தன் கையைப் பார்த்தார். அந்தரத்தில் நின்றது. யாரும் பிடித்திருக்கவில்லை.

அவருக்கு உடம்பு கூசியது.

*

மறுநாளும் போனார். மறுநாளும் கை அந்தரத்தில் நின்றது.

"கீழ போட்டுருங்க அண்ணாச்சி."

பூவலிங்கம் கையைக் கீழே கொண்டுபோய் வைத்தார். ஜாக்கிரதையாக, தரைக்கு வலிக்காமல்.

"வைக்கச் சொல்லல. போடச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான சாமி?"

சாமி கொட்டாவி விட்டார்.

பூவலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் மூணு நாள்ல கொடியேத்தம். நீங்க கையைத் தூக்கித் தூக்கி விளையாடுதீங்க. எனக்குத் தூங்குத வழியைச் சொல்லுங்க. இல்ல, வழி இல்லன்னு சொல்லுங்க. நான் போய்க் கட்டையைக் குடுத்துட்டு வாரேன்."

"குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கட்டையை நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்றார் சாமி.

*

காலையில் இருவரும் தேர்நிலைக்குப் போனார்கள். வருஷம் முழுக்கத் தேர் நிற்கும் இடம் அது. தகரத்தை விலக்கி, சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டு, சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உடையார் மேலே உட்கார்ந்து கயிறு முடிந்துகொண்டிருந்தான். அத்தான் கூட ஒரு சாமியார் வருவதைப் பார்த்துவிட்டு, மறுபடி முடிச்சுக்குக் குனிந்தான். அவனுக்கும் பயம் இருந்தது. அத்தானின் கண் சிவந்து கிடப்பதை அவன் ஆறு மாதமாகப் பார்க்கிறான்.

சாமி அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனை டன்னு?"

"நூத்தி இருபது."

"இந்தா நிக்குதே, இதுக்கு அடியில என்ன?"

"கட்டை."

"போன தேர் முடிஞ்சதுல இருந்தா?"

"ஆமா. நிலைக்கு வந்ததும் நான்தான் போட்டேன்."

"அப்போ பதினோரு மாசமா யாரு பிடிச்சிட்டு இருக்கா?"

பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டையை எதுக்குச் சாமி பிடிக்கணும்? போட்டா அது பாட்டுக்குக் கிடக்கும். தேரோட கனமே அதைப் பிடிச்சுக்கிடும்."

"எனக்குப் போட்டுக் காட்டுங்க."

பூவலிங்கம் ஓரத்தில் கிடந்த தன் கட்டையை எடுத்தார். எடுத்ததும் முதுகு நிமிர்ந்தது. சக்கரம் வருவதாக வைத்துக்கொண்டு நாலு எட்டு ஓடி, குனிந்து, கட்டையைத் தரையில் தள்ளி, கையைச் சடக்கென்று உருவினார். பார்க்க அழகாக இருந்தது.

"இன்னொரு தடவை."

போட்டார். உருவினார்.

"கையை ஏன் அவ்வளவு வேகமா எடுக்கீங்க?"

"எடுக்காட்டி விரலு போயிரும். சக்கரம் தொடுததுக்கு முன்னாடி கை வெளிய வந்துரணும். என்னைப் பழக்கின ஆவுடை அண்ணன் முதல் வருஷம் முழுக்க என்னைய கட்டையைத் தொடவே விடல. செங்கலை வச்சுக் கையை எடுக்கத்தான் பழக்கினாரு. 'போடுதது எந்தப் பயலும் போடுவாம்ல, எடுக்கத் தெரிஞ்சவன்தான் கட்டைக்காரன்'னு சொல்லுவாரு."

"இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை கூட விரலு மாட்டலையா?"

"ஒரு தடவை கூட இல்ல."

சாமி அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினார். மோதிர விரலின் நுனி தட்டையாக இருந்தது. நகம் பாதிதான் முளைத்திருந்தது.

"இது?"

"இது போன வருஷம்..."

பூவலிங்கம் நிறுத்தினார்.

மேலே உடையார் முடிச்சை விட்டுவிட்டுக் கீழே பார்த்தான்.

பூவலிங்கம் சக்கரத்தைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். குனிந்து, அன்றைக்கு எப்படிப் போட்டாரோ அதே மாதிரி, மெதுவாகக் கட்டையைத் தரையில் வைத்தார். அவருடைய இரண்டு கையும் கட்டையின் மேலேயே இருந்தன.

"கட்டை முன்னாடியே போயிட்டுது சாமி" என்றார். குரல் மாறியிருந்தது. "சக்கரம் பிறகுதான் வந்துது. கட்டை சரியா போயிட்டுது. அந்தப் பொம்பள கிடக்கிறதைப் பாத்தேன். பாத்துட்டு..."

"பாத்துட்டு?"

"எடுக்கலை. பிடிச்சிக்கிட்டேன். ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிக்கிட்டேன். சக்கரம் ஏறி விரலைக் கடிச்சதும்தான் எடுத்தேன்."

"எதுக்குப் பிடிச்சீங்க?"

"நிக்காதோன்னு."

"நூத்தி இருபது டன்னை?"

பூவலிங்கம் சக்கரத்தை அண்ணாந்து பார்த்தார். கண் நிறைந்து, மீசையில் இறங்கியது. துடைக்கவும் தோன்றவில்லை. பிந்தவில்லை. அவர் பிந்தவே இல்லை. பதினோரு மாதமாக யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அந்த ஆள் எழுந்து போய்விட்டான்.

சாமி கொட்டாவி விட்டார்.

பூவலிங்கமும் விட்டார்.

தாடை 'கடக்' என்றது. பதினோரு மாதத்தில் முதல் கொட்டாவி. மேலே உடையார் விட்டான். சாரத்தில் இருந்த நாலு பேர் விட்டார்கள். அன்று தேர் வேலை அரை மணி நேரம் நின்றுபோனது.

*

"ராத்திரி எனக்கு யாரு வண்டி ஓட்டுவா?" என்று பூவலிங்கம் கேட்டார்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"செல்லக்கனி இருக்கா. அவளுக்கு என்னைய ஏசத்தான் தெரியும்."

"மெதுவா ஏசச் சொல்லுங்க. காலுல ஆரம்பிச்சு."

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துப் பூவலிங்கம் வாய்க்கால் பாலத்தில் வந்தார். வேட்டி கசங்கியிருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் பாயின் கோடு அப்படியே பதிந்திருந்தது.

"எந்த ஸ்டாப்பு வரைக்கும் போனீங்க?" என்றார் சாமி.

"முழங்கால் வரைக்கும் கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பால்காரன் மணி அடிச்சான்."

சாமி முக்காலியைத் தட்டிச் சிரித்தார். பூவலிங்கமும் சிரித்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் எடுத்தது.

"செல்லக்கனி என்ன சொல்லுதாங்க?"

"அவளுக்கு இடுப்புக்கு மேல ஞாபகம் இல்லையாம். ரெண்டு பேரும் வழியிலேயே இறங்கிட்டோம்."

அடுத்த நாள் கொடி ஏறியது. கட்டை பூவலிங்கத்திடமே இருந்தது.

*

எல்லா நாளும் ஒன்றுபோல இல்லை. ஆறாம் திருநாள் அன்று பொட்டுத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஓடிவந்தார்.

"போச்சு சாமி. எல்லாம் போச்சு. முழுசா முழிச்சிருந்தேன்."

"எத்தனை நாளாத் தூங்குனீங்க?"

"ஏழு நாளு."

"பஸ்ஸு ஒருநாள் வரலைன்னா பஸ் ஸ்டாண்டை இடிச்சிருவாங்களா அண்ணாச்சி?"

பூவலிங்கம் யோசித்தார். இடிக்க மாட்டார்கள்.

"மூணு மணிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தார். பாயில் கிடந்தார். கெண்டைக்கால் வரை கேட்டார்.

*

தேரன்று காலை ஏழு மணிக்கு வடம் பிடித்தார்கள்.

கீழ ரத வீதி போனது. முதல் முனை திரும்பியது. தெற்கு ரத வீதி முழுக்கக் கூட்டம். மாடியில் கூட்டம், மதிலில் கூட்டம். மேளமும் வெடியும் காதைப் பிளந்தன. மத்தியானம் பன்னிரண்டுக்குத் தேர் அந்த முனைக்கு வந்து நின்றது.

செங்காணியில் அது மோர் நேரம். வடம் பிடிக்கிறவர்கள் ஒரு மணி நேரம் கையை ஆற்றி, மோரும் பானகமும் குடித்துவிட்டுத்தான் மேல ரத வீதிக்குத் தேரைத் திருப்புவார்கள். அது பழைய வழக்கம். போன வருஷமும் மோர் நேரம் முடிந்து வடத்தைத் தொட்ட முதல் இழுப்பில்தான் அது நடந்தது.

ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம். தேர்க் கமிட்டித் தலைவர் நயினார் விசிலோடு வந்தார்.

"வலது கட்டை எங்க?"

ஆளைக் காணோம்.

நயினாருக்கு வேர்த்தது. இந்த முனை, இந்த ஆள், போன வருஷம். பயந்து ஓடிவிட்டான் என்றே நினைத்தார். உடையார் மோர்ப் பந்தலில் தேடினான். குழாயடியில் தேடினான். வீட்டுக்கு ஆள் அனுப்பினான். கடைசியில், வேறு இடம் இல்லாததால், குனிந்து தேருக்கு அடியில் பார்த்தான்.

வலது சக்கரத்துக்கு முன்னால், கட்டையை ஒட்டி, தேரின் நிழலில் பூவலிங்கம் மல்லாந்து படுத்திருந்தார். போன வருஷம் அந்தப் பெண் விழுந்து கிடந்த அதே இடம். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் நாலு தவில் முழங்கின. அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"ஐயையோ, அத்தானுக்கு என்னமோ ஆயிட்டுது!" என்று உடையார் கத்தினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொட்டாவிச் சாமி வந்தார். கையில் அரை டம்ளர் மோர். டம்ளரை நயினாரிடம் கொடுத்துவிட்டுக் குந்தினார். பூவலிங்கத்தின் வலது கையை மணிக்கட்டில் பிடித்து ஒரு முழம் உயரத் தூக்கினார்.

விட்டார்.

கை தொப்பென்று விழுந்தது. வீதிப் புழுதி எழும்பி அடங்கியது. பூவலிங்கம் புரண்டு படுத்துக் குறட்டை விட்டார்.

சாமியின் முகம் மலர்ந்தது. பதினான்கு வருஷ மைக்கிலும் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

"எழுப்பட்டுமா?" என்றார் நயினார், விசிலை வாயருகே கொண்டுபோய்.

"மோர் நேரம் முடிய இன்னும் எத்தனை நிமிஷம்?"

"ஏழு."

"அதைக் குடுத்துருங்க."

நயினார் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு நிமிஷம் நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஏழு நிமிஷத்தை அவர் பார்த்ததில்லை.

ஒரு மணிக்கு விசில் ஊதினார்.

பூவலிங்கம் கண் திறந்தார். எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முகத்தில் ஒரு கை தண்ணீர் அடித்தார். வடத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். போன வருஷம் விழுந்தவள். அவளும் இவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வடத்தை இறுக்கிப் பிடித்தாள்.

பூவலிங்கம் சக்கரத்தடியில் இருந்த கட்டையைத் தட்டி எடுத்தார்.

ஆயிரம் பேர் ஒரே மூச்சில் இழுத்தார்கள். தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. மேலே தொங்கிய துணித் தொம்பைகள் ஆடின. முனை நெருங்கியது. நயினார் கண்ணை மூடிக்கொண்டார். உடையார் மூடவில்லை, அவனுக்கு அவன் சக்கரம் இருந்தது.

பூவலிங்கம் ஓடினார். குனிந்தார். போட்டார்.

எடுத்தார்.

சக்கரம் கட்டையில் ஏறி நின்றது. அதன் மேலேயே தேர் முழுவதும், கலசமும் குடையும் குஞ்சமுமாக, பெரிய வீட்டு அம்மாள் தலையைத் திருப்புவது போல் நிதானமாக மேல ரத வீதியைப் பார்த்துத் திரும்பியது. முதல் போடிலேயே. இருபத்தாறு வருஷத்தில் அந்த முனை ஒரே கட்டையில் திரும்பியதில்லை.

வீதியே கத்தியது. பெண்கள் குலவை போட்டார்கள். மாடியில் இருந்தவர்கள் பூவை அள்ளித் தேர் மேல் கொட்டினார்கள். பாதி பூவலிங்கத்தின் தலையில் விழுந்தது. வடத்தில் நின்ற அந்தப் பெண் ஓவென்று அழுதுகொண்டே இழுத்தாள். நயினார் கண்ணைத் திறந்தார். கையில் இருந்த மோரை என்ன செய்வதென்று தெரியாமல் தானே குடித்துவிட்டார்.

சாயங்காலம் நாலரைக்குத் தேர் நிலைக்கு வந்தது.

பூவலிங்கம் கடைசிக் கட்டையைப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு வந்து வீதியோரம் உட்கார்ந்தார். உடையார் ஓடிவந்தான். காலையில் இருந்து அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாக வந்தது.

"அத்தான், உங்களுக்குப் புத்தி இருக்கா? நூத்தி இருபது டன்னு! சக்கரத்துக்கு முன்னாடி படுத்துத் தூங்குதீங்க! அது பாட்டுக்கு நகந்திருந்தா?"

பூவலிங்கம் கொட்டாவி விட்டார்.

"அதான் கட்டை போட்டிருந்தேனே, மாப்ளே" என்றார்.